சில்லர் பைப்புக்குள் எத்தனை லிட்டர் தண்ணீர்? வடிக்காமல் அளக்கும் வழிகள்

கேள்வியின் சாரம் இது: சென்னையில் எட்டு மாடி அலுவலகக் கட்டிடம். ஏ.சி.க்காகத் தண்ணீரைக் குளிரவைக்கும் மெஷின்கள், அதாவது சில்லர்கள், இரண்டு; தலா 100 டன் குளிரூட்டும் திறன். மொட்டை மாடியில் திறந்த எக்ஸ்பான்ஷன் டேங்க் (தண்ணீர் சூடேறி விரியும்போது அதற்கு இடம் தரும் தொட்டி). பைப் வரைபடங்கள் கைக்குக் கிடைக்கவில்லை. துருத்தடுப்பு மருந்து விற்பவர், குளிர்ந்த தண்ணீர் சுற்றும் சில்டு வாட்டர் லைனில் 8,000 லிட்டர் இருக்கும் என்கிறார். பழைய ரெஜிஸ்டரிலோ 15,000 லிட்டர் என்று எழுதியிருக்கிறது. அந்த மருந்தைப் போட வேண்டும், திறந்த டேங்கை எடுத்துவிட்டு மூடிய டேங்க் வைக்கும் யோசனையும் இருக்கிறது. லைனை வடிக்காமல் உண்மையான அளவைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆனால் முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ‘எத்தனை லிட்டர்’ என்ற கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மருந்துக் கணக்குக்கு வேண்டியது, பம்ப் சுற்றவிடும் தண்ணீர் எவ்வளவு என்பது. எக்ஸ்பான்ஷன் டேங்குக்கு வேண்டியது, சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் லைனோடு சேர்ந்திருக்கும் மொத்தத் தண்ணீர். மூடிய கிளையில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரும் சூடேறினால் விரியத்தானே செய்யும். சில்லருக்கு வேண்டியது இன்னொன்று: ஏ.எச்.யூ.க்களின் (குளிர்ந்த தண்ணீரால் காற்றைக் குளிரவைத்து மாடிகளுக்கு ஊதும் பெரிய பெட்டிகள்) வால்வுகள் மூடிக்கொண்ட நேரத்தில் மெஷின் வழியாகப் போய்வரும் தண்ணீர். இந்த மூன்றும் ஒரே எண்ணாக இருக்க வேண்டியதில்லை. அளக்கும் முறைகளும் அப்படித்தான், ஒவ்வொன்றும் வேறொரு தண்ணீரை அளக்கிறது. அதனால் இரண்டு முறைகளில் இரண்டு எண்கள் வந்தால், எது தப்பு என்று சண்டை போடுவதற்கு முன் எது எந்தத் தண்ணீரை எண்ணியது என்று பார்க்க வேண்டும்.

எதை அளந்தாலும் முதல் வேலை கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான். வரைபடம் இல்லாவிட்டாலும் நோட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு பிளான்ட் ரூமில் தொடங்கி மாடி மாடியாக நடந்தால் ஒரு நாளில் முடிந்துவிடும். மனசில் வைத்துக்கொள்ள எளிய சூத்திரம் ஒன்று உண்டு: பைப்பின் அளவை இஞ்சில் எடுத்து, அதையே அதனால் பெருக்கி, பாதியாக்கினால் ஒரு மீட்டரில் உள்ள லிட்டர் கிடைக்கும். 4 இஞ்சு பைப்புக்கு 16-இல் பாதி, 8 லிட்டர். உண்மையான அளவு 8.2. 6 இஞ்சுக்கு 18, உண்மையில் 18.6 முதல் 19 வரை, பைப்பின் கனத்தைப் பொறுத்தது. 8 இஞ்சுக்கு 32; உண்மையில் 32.3. சின்ன பைப்புகளில் மட்டும் கொஞ்சம் குறைத்துக் காட்டும்: 1 இஞ்சுக்கு அரை லிட்டர் என்று வரும், உண்மையில் 0.56.

உங்கள் கட்டிடம் போன்ற ஒன்றுக்கு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். நீளங்களை நீங்கள் அளந்து மாற்றிக்கொள்ளுங்கள். சப்ளை, ரிட்டர்ன் இரண்டையும் சேர்த்து 200 மி.மீ. பைப் 120 மீட்டர் என்றால் 3,876 லிட்டர். மாடிகளுக்கு நேராக ஏறும் 150 மி.மீ. பைப் (ரைசர்) 140 மீட்டர், 2,604 லிட்டர். 100 மி.மீ. 180 மீட்டர், 1,476. 80 மி.மீ. 150 மீட்டர், 720. 50 மி.மீ. 260 மீட்டர், 572. எஃப்.சி.யூ.க்களுக்கு (தனி அறைகளுக்கான சிறிய ஃபேன்-காயில் பெட்டிகள்) போகும் 25 மி.மீ. பைப் 400 மீட்டர் இருந்தும் அதில் அடங்குவது 224 லிட்டர்தான். பைப்புகள் மட்டும் 9,472 லிட்டர். பெரிய இரண்டு அளவுகளே இதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். எனவே எஃப்.சி.யூ. கிளைகளை ஒவ்வொன்றாக ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்து அளப்பதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். அங்கே பாதியைத் தவறவிட்டாலும் மொத்தத்தில் ஒரு சதவீதம்தான் போகும். 200 மி.மீ. லைனில் பத்து மீட்டரை மறந்தால் 323 லிட்டர் போய்விடும். பெரிய பைப்பை இரண்டு தடவை அளங்கள்.

இன்சுலேஷனுக்கு மேல் டேப் வைத்து பைப்பின் அளவை ஊகிப்பது நம்பத்தகாதது. ஃபிளாஞ்சுக்குப் பக்கத்தில் உள்ள வால்வைப் பாருங்கள், அதன் உடலிலேயே அளவு வார்க்கப்பட்டிருக்கும். வால்வு பைப்பைவிட ஒரு சைஸ் சின்னதாகப் போடப்பட்டிருக்கலாம் என்பதால், ரெட்யூசர் (பைப்பின் அளவைக் குறைக்கும் இணைப்பு) இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். பைப் எங்காவது வெறுமையாகத் தெரிந்தால் சுற்றளவை எடுங்கள்: 200 மி.மீ. பைப்பின் சுற்றளவு ஏறக்குறைய 688 மி.மீ., 100 மி.மீ. பைப்புக்கு 359 மி.மீ. துணித் தையல்காரரின் டேப்பே போதும்.

அடுத்து மெஷின்கள். சில்லருக்குள் தண்ணீர் குளிரும் பகுதியான எவாப்பரேட்டரில் எவ்வளவு தண்ணீர் கொள்ளும் என்பது மெஷினின் டேட்டா ஷீட்டில் இருக்கும். அதுவும் இல்லையென்றால், ஓடும் நிலை எடைக்கும் அனுப்பிய நிலை எடைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுக்கலாம், ஒரு கிலோ ஒரு லிட்டர். ஆனால் வாட்டர் கூல்டு மெஷினில் அந்த வித்தியாசத்துக்குள் கண்டென்சர் (வெப்பத்தை வெளியேற்றும் பகுதி) தண்ணீரும் சேர்ந்திருக்கும். கேஸ் நிரப்பாமல் அனுப்பிய மெஷின் என்றால் கேஸின் எடையும் அதில் இருக்கும். அப்படியே எடுத்தால் இரட்டிப்பாகிவிடலாம். ஏ.எச்.யூ. காயிலை எண்ணிக் கணக்கிடலாம்: அரை இஞ்சு காப்பர் டியூபில் மீட்டருக்கு 0.11 லிட்டர். ஆறு ரோ, உயரத்தில் 30 டியூப், நீளம் 1.8 மீட்டர் என்றால் 324 மீட்டர் டியூப், 36 லிட்டர். ஹெடரோடு சேர்த்து 40 என்று வைக்கலாம். 14 ஏ.எச்.யூ.வுக்கு 560, இரண்டு சில்லர்களுக்குத் தலா 110 வீதம் 220. மாதிரிக் கட்டிடத்தின் மொத்தம் 10,250 லிட்டர். பஃபர் டேங்க் (லைனில் தண்ணீரின் அளவைக் கூட்ட வைக்கும் தொட்டி) இருந்தால் அதைத் தனியாக எழுதிக் கூட்டுங்கள். 2,000 லிட்டர் டேங்க் ஒன்று கணக்கில் விடுபட்டால் மற்ற நுணுக்கம் எல்லாம் வீண்.

இந்தக் கணக்கின் நம்பகம் எவ்வளவு? பைப்பைக் கண்ணால் பார்த்து அளந்திருந்தால் 10 சதவீதத்துக்குள் வரும் என்று எதிர்பார்க்கலாம். சுவருக்குள்ளும் ஷாஃப்டுக்குள்ளும் போகும் பகுதிகளை ஊகித்திருந்தால் 20 சதவீதம்கூடத் தப்பலாம். எப்போதும் குறைத்துக் காட்டும் பக்கமே சாயும், ஏனென்றால் மறந்துபோவது உண்டே தவிர இல்லாத பைப்பை யாரும் எண்ணுவதில்லை.

இனி அளப்பது. மூன்று வழிகளில் மருந்தையே அளவுகோலாக்குவதுதான் உங்கள் நிலைமைக்குப் பொருத்தமானது. தண்ணீரில் தெரிந்த எடையுள்ள ஒரு பொருளைக் கரைத்து, அதன் செறிவு எவ்வளவு ஏறியது என்று பார்த்தால் அளவு கிடைத்துவிடும். போட்ட பொருள் மில்லிகிராமில், அதை லிட்டருக்கு ஏறிய மில்லிகிராமால் வகுத்தால் லிட்டர். எப்படியும் துருவைத் தடுக்க நைட்ரைட் மருந்து போடப் போகிறீர்கள், அதைக் கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கொட்டாமல் முதலில் பாதியைப் போட்டு, ஏற்றத்தை அளந்து, லிட்டரைக் கண்டுபிடித்த பிறகு மீதியைப் போடுங்கள். கூடுதல் செலவு டெஸ்ட் கட்டணம் மட்டுமே.

செய்முறையில் நுணுக்கம் இருக்கிறது. முதல் நாள் மேக்கப் லைனை (குறையும் தண்ணீரை ஈடுகட்டும் குழாய்) மூடிவிட்டு, மொட்டை மாடி டேங்கின் மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டு, தண்ணீரின் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு, 24 மணி நேரம் கழித்து அதே வெப்பநிலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் லீக் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து அடைக்கும்வரை அளப்பதில் பயனில்லை. அடுத்து எல்லா ஏ.எச்.யூ., எஃப்.சி.யூ. கண்ட்ரோல் வால்வுகளையும் முழுசாகத் திறந்துவைக்கச் சொல்லுங்கள். ஸ்டாண்ட்பை சில்லரின் வால்வுகளையும் திறந்து, ஸ்டாண்ட்பை பம்பையும் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பகுதித் தண்ணீரில் மருந்து கலக்காது, அளவு குறைவாக வரும். இப்படி ஒரு இரவு ஓடிய பிறகு தொடக்க சாம்பிள் எடுங்கள்: பிளான்ட் ரூமில் ஒன்று, கடைசி மாடியின் கடைசி ஏ.எச்.யூ.வில் ஒன்று. சாம்பிள் குழாயைத் திறந்ததும் முதலில் வருவது குழாய் முனையில் தேங்கிக் கிடந்த பழுப்புத் தண்ணீர். அதைப் பிடித்துவிடாதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் வாளியில் விட்டு, தண்ணீர் ஜில்லென்று கைக்குத் தெரிந்து நிறமும் மாறிய பிறகு, பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு தடவை அலசிப் பிடியுங்கள்.

மருந்தை எடைபோட்டுத்தான் போட வேண்டும், லிட்டர் கணக்கில் வேண்டாம். கேனில் வரும் திரவ மருந்தின் அடர்த்தி தண்ணீரைவிட அதிகம்; அதில் நைட்ரைட் எவ்வளவு என்பதும் பிராண்டுக்கு பிராண்ட் மாறும். விற்பவரிடம் அந்த பேட்ச்சின் சான்றிதழைக் கேளுங்கள். அளப்பதற்கு மட்டுமாவது வெறும் சோடியம் நைட்ரைட் பவுடர் வாங்குவது நல்லது, அதன் தூய்மை பையிலேயே எழுதியிருக்கும். 97 சதவீதத் தூய்மையுள்ள 6 கிலோவில் நைட்ரைட் மட்டும் 3.88 கிலோ, சோடியம் நைட்ரைட்டில் மூன்றில் இரண்டு பங்கு எடைதான் நைட்ரைட். இதைச் சுத்தமான ட்ரம்மில் கரைத்து டோசிங் பாட் (லைனுக்குள் மருந்து ஏற்றும் பாத்திரம்) வழியாக ஏற்றி, ட்ரம்மையும் பாட்டையும் அலசிய தண்ணீரையும் உள்ளே அனுப்பிவிடுங்கள். அடியில் கால் கிலோ தங்கினால் கணக்கில் நான்கு சதவீதம் போச்சு.

பிறகு பம்பை நிறுத்தாமல் ஓட்டி, பிளான்ட் ரூமிலும் கடைசி ஏ.எச்.யூ.விலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை சாம்பிள் எடுங்கள். 200 டன்னுக்கு மணிக்கு 109 கன மீட்டர் ஓட்டம் இருக்கும். கணக்குப்படி மொத்தத் தண்ணீரும் ஆறேழு நிமிடத்தில் ஒரு சுற்று வந்துவிடும். ஆனால் நெரித்துவைத்த கிளைகளில் ஓட்டம் மெதுவாக இருக்கும், அதனால் இரண்டு இடத்து சாம்பிள்களும் ஒன்றாகும்வரை காத்திருங்கள். பொதுவாக ஒரு நாள் போதும். உதாரணமாக, போடும் முன் லிட்டருக்கு 40 மி.கி., போட்ட பின் 388 மி.கி. என்றால் ஏற்றம் 348. 38,80,000-ஐ 348-ஆல் வகுத்தால் 11,150 லிட்டர். கணக்குப் போட்டது 10,250. ஒன்பது சதவீத வித்தியாசம். இரண்டும் ஒத்துப்போகின்றன என்று எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தண்ணீரில் ஏற்கெனவே மருந்து நிறைய இருந்து, புதிதாகக் கொஞ்சம் மட்டும் போட்டால், விடை நம்பும்படி வராது. தொடக்கத்தில் 310 இருக்கிறது, 3 கிலோ போட்டு 484 ஆகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு டெஸ்டும் 5 சதவீதம் கூடக் குறையலாம் என்றால் 310-இல் 16-ம் 484-இல் 24-ம் தப்பலாம். இரண்டின் வித்தியாசமான 174-இல் அது பொதுவாக 29 மி.கி. அளவுக்கு ஆட்டம் காட்டும் (இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் முழுசாகத் தப்பினால் 40 வரை). விடை 9,500 லிட்டராகவும் இருக்கலாம், 13,400-ஆகவும் இருக்கலாம். கழித்தல் கணக்கின் இயல்பு அது: பெரிய எண்கள் இரண்டைக் கழித்துச் சின்ன எண் எடுத்தால் பிழை முழுவதும் சின்ன எண்ணில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே தொடக்க அளவைவிட ஏற்றம் பெரிதாக இருக்கும்படி போடுங்கள். இரண்டு சாம்பிள்களையும் ஒரே நாளில், ஒரே ஆளிடம், ஒரே கிட்டில் டெஸ்ட் செய்யுங்கள்; கிட்டில் குறை இருந்தால் அது இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும், கழிக்கும்போது ஓரளவு அடிபட்டுப் போகும்.

லேப் ரிப்போர்ட்டில் ‘நைட்ரைட்’ என்று போட்டிருந்தால் எந்த வடிவில் என்று கேட்டே ஆக வேண்டும். நைட்ரைட்டாகவா, சோடியம் நைட்ரைட்டாகவா, நைட்ரஜனாகவா? ஒரே தண்ணீருக்கு இந்த மூன்றும் வெவ்வேறு எண்கள். நைட்ரஜனாகச் சொன்னதை நைட்ரைட் என்று எடுத்துக்கொண்டால் உங்கள் கட்டிடத்தில் மூன்று மடங்குக்கும் மேல் தண்ணீர் இருப்பதாக விடை வரும். இன்னொரு துருத்தடுப்பு மருந்தான மாலிப்டேட்டிலும் இதே குழப்பம் உண்டு: ஒரு கிலோ சோடியம் மாலிப்டேட் படிகத்தில் மாலிப்டினம் மட்டும் ஏறக்குறைய 400 கிராம், மாலிப்டேட்டாகச் சொன்னால் 660 கிராம்.

மாலிப்டேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. விலை அதிகம் என்றாலும் அளப்பதற்கு நைட்ரைட்டைவிட அது நம்பகமானது. இதுவரை மாலிப்டேட் மருந்து போடாத லைன் என்றால் தொடக்க அளவு ஏறக்குறைய பூச்சியம், கழித்தல் பிழையே இல்லை. கிருமிகளும் அதைத் தின்பதில்லை. நைட்ரைட்டை பாக்டீரியா தின்றுவிடும். பழைய, அழுக்கான லைனில் ஓரிரு நாளிலேயே கணிசமாகக் குறையலாம். அப்போது ஏற்றம் குறைவாகத் தெரிந்து லிட்டர் அதிகமாக வரும். சந்தேகம் இருந்தால் மூன்று நாள் கழித்து இன்னொரு சாம்பிள் எடுத்து நைட்ரைட்டையும் கண்டக்டிவிட்டியையும் (தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் திறன்) சேர்த்துப் பாருங்கள். இரண்டும் இறங்கியிருந்தால் எங்கோ தண்ணீர் ஒழுகி, புதுத் தண்ணீர் ஏறுகிறது. கண்டக்டிவிட்டி அப்படியே நின்று நைட்ரைட் மட்டும் இறங்கியிருந்தால் பாக்டீரியாவைச் சந்தேகியுங்கள்.

‘சாப்பாட்டு உப்பைப் போட்டு டி.டி.எஸ். பேனாவால் பார்த்தால் போதாதா’ என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப்படி முடியும், நான் வேண்டாம் என்றே சொல்வேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகளில் உப்பில் உள்ள குளோரைடு புள்ளிப் புள்ளியாக அரிக்கும், போட்ட குளோரைடை வெளியே எடுக்க லைனை வடிப்பதைத் தவிர வழியில்லை. போர்வெல் தண்ணீர் நிரப்பிய லைனில் தொடக்க கண்டக்டிவிட்டியே அதிகமாக இருக்கும். அதன்மேல் கிலோ கணக்கில் உப்பு போட்டால்தான் ஏற்றம் தெரியும். போதாததற்கு வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் கண்டக்டிவிட்டி ஏறக்குறைய இரண்டு சதவீதம் மாறும். 8 டிகிரியில் எடுத்ததும் மேசையில் அரை மணி நேரம் வைத்துப் பார்த்ததும் ஒன்றாக வராது.

பாதுகாப்பைச் சொல்லாமல் விடக் கூடாது. சோடியம் நைட்ரைட் பார்க்க உப்பு மாதிரியே இருக்கும். சில கிராம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. பேன்ட்ரிக்குப் பக்கத்தில், பேர் எழுதாத டப்பாவில் ஒருபோதும் வைக்காதீர்கள். கையுறை போடுங்கள், ஆசிட் பக்கம் கொண்டுபோகாதீர்கள், நச்சுப் புகை வரும். மேக்கப் லைன் குடிதண்ணீர் லைனோடு நேரடியாக இணைந்திருந்தால் அதைச் சரிசெய்யும்வரை மருந்தே போடக் கூடாது.

இரண்டாவது வழி, திறந்த டேங்க் இருக்கிறவர்களுக்குக் கிடைத்த வசதி: தண்ணீர் விரிவதை அளப்பது. அதிகாலையில் லோடு குறைவாக இருக்கும்போது லைன் முழுதும் 8 டிகிரி அளவில் இருக்கும். மேக்கப் ஃப்ளோட் வால்வைக் கட்டிவைத்துவிட்டு, டேங்க் மட்டத்தை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சில்லரை நிறுத்திவிட்டு, பம்பையும் ஏ.எச்.யூ. ஃபேன்களையும் மட்டும் ஓட்டுங்கள். சில மணி நேரத்தில் தண்ணீர் முழுவதும் ஒரே சீராக 28 டிகிரி பக்கம் வந்துவிடும். வெறுமனே நிறுத்திவைத்தால் ஓரிடம் 15, ஓரிடம் 25 என்று இருக்கும், அளந்து பயனில்லை. 8-லிருந்து 28-க்குத் தண்ணீர் 0.36 சதவீதம் விரிகிறது, இரும்பு பைப்பும் 0.07 சதவீதம் விரிந்து இடம் கொடுக்கிறது. மீதி 0.29 சதவீதம், அதாவது 1,000 லிட்டருக்கு 2.9 லிட்டர். டேங்க் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்றால், 11,150 லிட்டர் உள்ள லைனில் மட்டம் 3.2 செ.மீ. ஏறும். பம்ப் ஓடும்போதே இரண்டு தடவையும் மட்டம் எடுங்கள். ஒன்று ஓடும்போதும் மற்றொன்று நின்றபோதும் எடுத்தால் உள்ளே சிக்கிய காற்றின் அழுத்தம் மாறி மட்டத்தைக் கலைத்துவிடும்.

ஸ்கேலில் 2 மி.மீ. தப்பினால் 6 சதவீதம், வெப்பநிலையில் ஒரு டிகிரி தப்பினால் 8 சதவீதம். உள்ளே காற்று தங்கியிருந்தால் அதுவும் விரிந்து அதிகமாகக் காட்டும். எனவே இந்த வழியை 15 சதவீதம் தப்பலாம் என்ற எண்ணத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மருந்து முறை சொல்லாத ஒன்றை இது சொல்லும்: கலக்காமல் தேங்கிக் கிடக்கும் தண்ணீரும் சூடேறினால் இதில் வந்துவிடும். மூன்று எண்களில் மருந்து முறை மட்டும் தெளிவாகக் குறைந்து நின்றால், ஏதோ ஒரு கிளையில் ஓட்டமே இல்லை என்று பொருள். மூடிக்கிடக்கும் வால்வையோ அடைத்த ஸ்ட்ரெய்னரையோ காற்று பிடித்த ரைசரையோ தேடுங்கள். மருந்து முறை அதிகமாக நின்றால் நீங்கள் நடந்து பார்க்காத பைப் எங்கோ இருக்கிறது, அல்லது நைட்ரைட்டை பாக்டீரியா தின்கிறது.

மூன்றாவது வழி, வாட்டர் மீட்டர் வைத்து நிரப்புவது. காலி லைனை முதல்முதலாக நிரப்பும்போது இதைவிடத் துல்லியமான முறை இல்லை. சாதாரண மீட்டரே நல்ல ஓட்டத்தில் 2 சதவீதத்துக்குள் காட்டும். மீட்டருக்கு முன் உள்ள குழாயில் காற்று இருந்தால் அதுவும் மீட்டரைச் சுற்றும் என்பதால் முதலில் காற்றை வெளியேற்றுங்கள். கீழிருந்து மெதுவாக நிரப்புங்கள், மேலே ஏர் வென்ட்டுகளைத் திறந்துவையுங்கள், நிரம்பிய பிறகும் இரண்டு மூன்று நாள் காற்று வெளியேற வெளியேற மேக்கப் ஏறும், அதையும் கூட்டுங்கள். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் லைனை அளப்பதற்காக மட்டும் வடிக்காதீர்கள். முழுசாக வடியாது, காயில்களிலும் தாழ்ந்த வளைவுகளிலும் தங்கிய தண்ணீர் கணக்கில் வராது. மருந்துள்ள தண்ணீரை வீணாக்கி, ஆக்சிஜன் நிறைந்த புதுத் தண்ணீரை ஏற்றினால் நீங்கள் தடுக்க நினைக்கும் துருவுக்கே வழி திறந்துவிடுகிறீர்கள். வேறு வேலைக்காக வடிக்க நேர்ந்தால் மட்டும் மீட்டர் வையுங்கள்.

மூடிய டேங்க் உள்ள இடங்களில் பத்து லிட்டர் வடித்து, பிரஷர் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து மொத்தத் தண்ணீரைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது சொல்வது டேங்கில் உள்ள காற்றின் அளவை, தண்ணீரின் அளவை அல்ல. 11,000 லிட்டர் தண்ணீர் ஒரு பார் அழுத்தத்துக்கு அரை லிட்டர்தான் சுருங்கும். டேங்கின் காற்று மெத்தைக்கு முன் அது எதுவும் இல்லை.

இப்போது உங்கள் மூன்று தேவைகளுக்கு வருவோம். மருந்துக்கு: இலக்கு லிட்டருக்கு 800 மி.கி. நைட்ரைட் என்று வைத்துக்கொள்வோம் (விற்பவர்கள் பெரும்பாலும் 600 முதல் 1,000 வரை சொல்வார்கள்). 388-இல் நிற்கிறது, இன்னும் 412 வேண்டும்; 11,150 லிட்டருக்கு 4.59 கிலோ நைட்ரைட், அதாவது 97 சதவீதப் பவுடர் 7.1 கிலோ. போட்ட பிறகு மறுபடி அளங்கள், அது இலவசமாகக் கிடைக்கும் இரண்டாவது அளவீடு. 770 வந்தால் 40-லிருந்து 770 வரை ஏறிய 730-க்கு மொத்தம் 8.47 கிலோ போயிருக்கிறது: 11,600 லிட்டர். இந்த எண்தான் முதல் எண்ணைவிட நம்பத்தகுந்தது, ஏற்றம் பெரிது என்பதால். இதையே ரெஜிஸ்டரில் தேதியோடும் முறையோடும் எழுதிவையுங்கள்.

மூடிய டேங்குக்கு: 7 டிகிரியிலிருந்து, சில்லர் நின்ற கோடை நாளில் 40 டிகிரி வரை என்று எடுத்தால் விரிவு 0.78 சதவீதம். பைப் விரிவதை இங்கே கழிக்க வேண்டாம், அது பாதுகாப்புக்கு இருக்கட்டும். 11,600 லிட்டருக்கு 90 லிட்டர். மொட்டை மாடியிலேயே டேங்க் வைத்து, வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து 1.5 பாரிலிருந்து 3 பார் வரை விட்டால் டேங்க் 180 லிட்டர். அதே டேங்கைத் தரைத்தள பிளான்ட் ரூமில் வைத்தால் 30 மீட்டர் தண்ணீரின் பாரம் ஏறி 4.5-லிருந்து 6 பார் ஆகும். அப்போது 360 லிட்டர் டேங்க் வேண்டும். தண்ணீர் ஒன்றுதான், இடம் மாறினால் டேங்க் இரட்டிப்பாகிறது. மருந்து விற்பவர் சொன்ன 8,000-ஐ நம்பி மாடியில் 124 லிட்டர் டேங்க் வைத்திருந்தால், முதல் நீண்ட விடுமுறையிலேயே ரிலீஃப் வால்வு திறந்து தண்ணீரைக் கக்கியிருக்கும், மறுநாள் குளிர்ந்ததும் புதுத் தண்ணீர் ஏறியிருக்கும், மருந்தும் நீர்த்துப்போயிருக்கும். டேங்கைப் பொறுத்தவரை சந்தேகம் வந்தால் பெரிய எண்ணையே எடுங்கள்.

சில்லருக்கு: ஏ.சி. வேலைக்கு டன்னுக்கு 11 அல்லது 12 லிட்டராவது மெஷின் வழியே சுற்ற வேண்டும் என்பது பல தயாரிப்பாளர்கள் சொல்லும் பொது அளவு; உங்கள் மெஷினின் மேனுவலில் உள்ள எண்ணே இறுதியானது. ஒரு 100 டன் மெஷினுக்கு 1,150 லிட்டர். உங்கள் ஏ.எச்.யூ.க்களில் டூ-வே வால்வு (குளிர் போதுமானதும் ஓட்டத்தையே மூடிவிடும் வகை) இருந்து, தண்ணீரை மாடிகளுக்குப் போகாமல் திருப்பிவிடும் பைபாஸ் பைப் பிளான்ட் ரூமிலேயே இருந்தால், எல்லா வால்வும் மூடிய நேரத்தில் சுற்றுவது பைபாஸ் வரையிலான 200 மி.மீ. பைப்பும் எவாப்பரேட்டரும் மட்டுமே. அந்தப் பைப் போக வர 40 மீட்டர் என்றால் 1,290-ம் மெஷினின் 110-ம் சேர்ந்து 1,400 லிட்டர், சரியாகத் தப்பித்துக்கொள்ளலாம். 25 மீட்டர்தான் என்றால் போதாது. மொத்தம் 11,600 லிட்டர் இருந்தும் சனிக்கிழமை மாலையில் கம்ப்ரெசர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நின்று நின்று ஓடுகிறது என்றால் காரணம் இதுதான். பஃபர் டேங்க் வைக்கலாம், அல்லது பைபாஸை ரைசரின் கடைசிக்கு மாற்றலாம். அந்த நாற்பது மீட்டரை டேப் வைத்து நேரில் அளந்துகொண்டு வந்து எண்களைச் சொல்லுங்கள், வால்வு எது, பைபாஸ் எங்கே என்பதையும் சேர்த்து. எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.